இருளும் காதலும் கலந்த கதை நெல்லைச் சீமைக்குப் புதியதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், பாளையங்கோட்டை அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பேயும் சாபமும் காதலும் கலந்த மாயப்புனைவு நாவல்களை, பிள்ளைகள் ‘டார்க் ரொமான்ஸ்’ என்று சொல்லும் அந்த வகை நூல்களை, கல்லூரிப் பெண்கள் விழுந்து விழுந்து படிப்பதாக வருந்தியிருந்த அவர், பொது நூலகங்கள் அவற்றை வாங்கவே கூடாது என்றும் வலியுறுத்தியிருந்தார். பேத்தியின் தலையணைக்கடியில் அப்படி ஒரு நூலைக் கண்டு பதறிப்போனதாக அவர் எழுதியிருப்பதில் பொய்யில்லை. அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் தாமிரபரணிக் கரையோர ஊர்களில் 31 ஆண்டுகள் கிளை நூலகராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், இந்நூல்களைக் கையில் எடுத்த பெண் பிள்ளைகளை நேரில் அறிந்தவள் நான். பதில் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அன்பர் இரண்டு காரணங்களைச் சொல்கிறார். இக்கதைகள் மேல்நாட்டிலிருந்து வந்தவை, நம் மண்ணுக்கு ஒட்டாதவை என்பது ஒன்று. கொடியவன் ஒருவனைக் காதலிக்கும்படி இவை பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கனமான குற்றச்சாட்டு என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் நான் குடியிருக்கும் தெருவில், பிற்பகல் சாப்பாடு முடிந்ததும் ஐந்தாறு பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடிப் பீடி சுற்றுவார்கள். ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிப்பதும், தூளை வைத்துச் சுருட்டி நூலால் கட்டுவதுமாக அவர்களுடைய கைகள் ஓடிக்கொண்டே இருக்கும்; காதுக்கு மட்டும் வேலை இருக்காது. அந்த வீட்டுப் பெண், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிப்பவள், நெல்லைப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய ஆங்கில நாவல் ஒன்றைக் கடந்த இரண்டு மாதங்களாக விடுமுறை நாள்களில் அவர்களுக்குத் தமிழில் சொல்லி வருகிறாள். முதலில் இரண்டு பக்கம் தனக்குள் படித்துக்கொள்வாள், பிறகு நூலை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதையாகச் சொல்லுவாள். நானும் பல நாள் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பிறகு நூலை இரவல் வாங்கி நானே படித்தும் பார்த்தேன். நாவலின் பெயரை எழுத வேண்டிய தேவையில்லை. கதையை மட்டும் சொல்கிறேன்.

சாயத் தொழிலாளி ஒருவரின் மகள், காய்ச்சலில் சாகக் கிடக்கும் தம்பியின் உயிருக்கு ஈடாக, நடுக்காட்டிலுள்ள ஒரு மாளிகைக்கு ஏழாண்டு ஊழியத்துக்குப் போகிறாள். அந்த மாளிகையில் விளக்கேற்றக் கூடாது. அதன் தலைவன் மனிதப் பிறவி இல்லை. அவனுக்கு ஒரு பழைய சாபம் இருக்கிறது. அவன் விரல் எந்த உயிரின்மேல் பட்டாலும் அந்த உயிருக்கு ஓராண்டு மூப்பு கூடிவிடும். தோட்டத்து மரங்களெல்லாம் அப்படித்தான் பட்டுப்போயின. அதனால் அவன் கையுறையைக் கழற்றுவதேயில்லை. கதை பாதி கடந்த பிறகு, கிணற்றங்கரையில் நிலா வெளிச்சத்தில், அவளே அந்தக் கையுறையைக் கழற்றச் சொல்கிறாள். அவன் கழற்றவில்லை. “ஓராண்டு போய்விடும்” என்று விலையைச் சொல்லி, அவள் இரண்டாம் முறையும் சம்மதம் சொல்லும்வரை கிணற்றின் மறுபுறத்திலேயே நிற்கிறான். மறுநாள் காலையில் கிணற்று நீரில் குனிந்து பார்க்கும்போது அவள் தலையில் ஒரு நரைமுடி தெரிகிறது.

இந்த இடத்தை அந்தப் பெண் சொல்லி முடித்தபோது, திண்ணையில் இருந்தவர்களிலேயே மூத்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர், மடியில் பீடித் தட்டும் கையில் பாதி சுருட்டிய இலையுமாக, “அவன் கேட்டுட்டுல்லா தொடுதான்” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. சிரிக்கவுமில்லை. கத்தரிச் சத்தம் நின்றுபோய், மறுபடி தொடங்கச் சற்று நேரம் பிடித்தது.

இத்தகைய நாவலின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் என்னால் விளக்க முடியும் என்று தோன்றவில்லை என்றாலும், அன்பருக்காக முயல்கிறேன். அந்த மாளிகைத் தலைவனுடைய கொடுமையில் யாரும் மயங்கவில்லை. அவனால் தீங்கு செய்ய முடியும் என்பது முதல் அத்தியாயத்திலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. அந்தத் தீங்குக்கு ஓர் அளவு இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுத்தான் அவன் அருகில் வர வேண்டும் என்ற விதி இருக்கிறது, மறுத்தால் விலகிப் போகிறான். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, அவருடைய வேலை, சம்பளம், நிலபுலன், நட்சத்திரம், கூடப் பிறந்தவர்கள் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். கோபம் வந்தால் அந்த மனிதர் என்ன ஆவார், கதவைச் சாத்திய பிறகு எப்படி நடந்துகொள்வார் என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. கேட்கும் துணிச்சலும் அவளுக்குக் கிடைப்பதில்லை. அந்தக் கேள்வி ஒன்றையே முந்நூறு, நானூறு பக்கங்களுக்கு விரித்து எழுதுவதுதான் இவ்வகை நாவல். அஞ்ச வேண்டியவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தவள், அவனை எப்படி அளந்து பார்க்கிறாள், எந்த இடத்தில் ‘மாட்டேன்’ என்கிறாள், எந்த இடத்தில் தானே கையை நீட்டுகிறாள் என்பதை அது படிப்படியாகக் காட்டுகிறது. திருமணப் பேச்சு வீட்டில் தொடங்கிவிட்ட இருபது வயதுப் பெண் இதைக் கண் கொட்டாமல் படிப்பதில் எனக்கு வியப்பில்லை.

இந்தக் கேள்வி ஐரோப்பாவிலும் இதே போன்ற சூழலில்தான் கதையாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1740இல் பிரான்சில் ஒரு பெண் எழுத்தாளர் வெளியிட்ட அழகியும் விலங்கும் பற்றிய கதைதான் இன்றைய இவ்வகை நாவல்கள் பலவற்றுக்கும் பாட்டி. பெண்ணின் திருமணத்தைக் குடும்பத்தார் முடிவு செய்த காலத்தில் எழுதப்பட்டது அது. தந்தைக்காக விலங்கின் கோட்டைக்குப் போகும் பெண்ணிடம், அந்த விலங்கு ஒவ்வோர் இரவும் ஒரே கேள்வியைக் கேட்கிறது; அவள் மறுக்கும் ஒவ்வோர் இரவும் அவளை ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போகிறது. கோட்டையும் மந்திரமும் நினைவில் நிற்பதைவிட, மறுத்த பிறகும் அவள் பத்திரமாக விழித்தெழும் காலைகளே அக்கதையைப் படித்த பெண்கள் மனத்தில் தங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இருள் இல்லாமல் இதை எழுத முடியாதா என்று அன்பர் கேட்கக்கூடும். எழுதலாம், நல்ல குடும்பக் கதைகள் ஏராளமாக எழுதப்பட்டுமிருக்கின்றன, என் நூலகத்திலிருந்து அவையும் நாள்தோறும் இரவலாகப் போயின. ஆனால் நல்லவனாகவே அறிமுகமாகும் நாயகனிடம் ஒரு பெண் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அச்சம் நுழைந்த பிறகுதான் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை வருகிறது. மேலும், பாத்திரம் கழுவி அடுக்கிவிட்டு, எல்லாரும் உறங்கிய பிறகு, பத்தரை மணிக்கு மேல் தனக்கென்று கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் அச்சம் அது. அவளே நூலைத் திறக்கிறாள், தாங்க முடியாவிட்டால் அவளே மூடி வைக்கிறாள். பகலில் அவளுக்கு நேரும் அச்சங்கள் எதையும் அவளால் அப்படி மூடி வைக்க முடிவதில்லை.

இனி, நம் மண்ணுக்கு ஒட்டாதவை என்ற முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதை நெல்லைச் சீமையில் பிறந்த ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அணங்கு என்ற நம் சொல்லை எண்ணிப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். வருத்தும் தெய்வத்துக்கும் அதுதான் பெயர், மயக்கும் பெண்ணுக்கும் அதுதான் பெயர், அந்த வருத்தத்துக்கும் அதுதான் பெயர். திருக்குறளின் காமத்துப்பால் தொடங்கும் 109ஆம் அதிகாரத்துக்கே ‘தகையணங்குறுத்தல்’ என்றுதான் தலைப்பு. காதலைப் பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தில் முதல் சொல்லாக அச்சுறுத்தும் தெய்வத்தின் பெயரை வைத்த மொழி நம்முடையது. கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொண்டால், ஊடியிருக்கும் பெண்களைக் கதவு திறக்கச் சொல்லிக் கொஞ்சும் ‘கடை திறப்பு’ முடிந்த கையோடு, வெந்து கருகிய பாலைக் காடும், காளி கோயிலும், பசித்த பேய்களும் வந்துவிடுகின்றன. செயங்கொண்டார் அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததை அவர் காலத்தில் யாரும் பண்பாட்டுக் கேடு என்று சொன்னதாகத் தெரியவில்லை.

ஏட்டில் உள்ளதை விட்டுவிடுவோம். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக் கேட்ட இரவு இன்றும் மறக்கவில்லை. குடியழைப்பும் மதியக்கொடையும் முடிந்து, நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு முன்னால், வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி கதையைத் தொடங்கினார். நான் கேட்ட பாடத்தில், தாசி குலத்துப் பெண் ஒருத்தி தன் காதலனை நம்பி, வீட்டைத் துறந்து, நகைகளோடு அவன் பின்னே காட்டு வழியில் போகிறாள். நடந்த களைப்பில் கள்ளிச் செடியின் நிழலில் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். அவன் அவள் விழித்துவிடாதபடி மணலைக் குவித்து, மடியிலிருந்த தலையை மெல்ல எடுத்து அந்த மணல்மேல் வைத்துவிட்டு, நகைகளுக்காகக் கல்லைத் தூக்கிப் போடுகிறான். அந்த இடம் வரும்போது அண்ணாவி வில்லில் வீசுகோலைப் போடாமல், குரலை அடக்கி, ஏறக்குறைய பேசுவதைப் போலவே பாடினார். உடுக்கு மட்டும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. என் தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். என்னைப் போலவே இன்னும் சில சிறுமிகள் எழுந்து உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். மறுபிறவியில் அவள் நீலியாக வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தன் கணவன் என்று சொல்லி ஊர்ச் சபையில் வழக்காடும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த குலவைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காதலும் துரோகமும் சாவும் மறுபிறவியும் பழிவாங்கலும் சேர்ந்த இந்தக் கதையை விட இருண்ட காதல் கதையை எந்த மேல்நாட்டு எழுத்தாளர் எழுதிவிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கோயில் வாசலில், நள்ளிரவில், ஊரார் எல்லாரும் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து கேட்டோம். இதில் நான் எப்போதும் நினைத்துப் பார்ப்பது, இசக்கியாக வணங்கப்படும் அந்த நீலியின் பெயரைச் சொல்லக் கருவுற்ற பெண்கள் அஞ்சுகிறார்கள், குழந்தை வேண்டுமென்று அவளிடமே போய்த் தொட்டிலும் கட்டுகிறார்கள் என்பதைத்தான். ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலிலும் சரி, நம் ஊர்களில் மரத்தடியில் இருக்கும் சிறிய பீடங்களிலும் சரி, அச்சமும் ஆசையும் ஒரே இடத்தில்தான் வைத்து வணங்கப்படுகின்றன. அந்த மாளிகைத் தலைவனின் கதை நம் திண்ணைப் பெண்களுக்கு ஒரு நொடியில் பிடிபட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களுக்கு யாரும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாபநாசம் மலைமேல் காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பட்டவராயன் சந்நிதியைப் பார்த்திருப்பார்கள். பிராமணராகப் பிறந்து, இங்கே பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காட்டில் கண்டு மயங்கி, அவர்களுடைய தந்தை வாலப்பகடை விதித்தபடி குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்று, அவர்களை மணக்கிறார். மணமான கையோடு மாமனாரின் ஆநிரையைக் காக்கப் போய் உயிர்விடுகிறார். அவ்விருவரும் அவருடன் தீயில் இறங்குகிறார்கள். அந்தச் சந்நிதியில் இன்றைக்கும் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். இரவில் பட்டவராயன் அவற்றை அணிந்துகொண்டு காட்டில் நடமாடுகிறார் என்றும், அதனால்தான் அவை தேய்ந்துபோகின்றன என்றும் சொல்வார்கள். ஒருமுறை அந்தச் செருப்புகளில் ஒன்றின் குதிகாலை நான் குனிந்து பார்த்தேன். தோல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. புலி வாழும் காட்டுக்குள், இறந்துபோன காதலன் ஒருவன் இரவெல்லாம் நடக்கிறான் என்ற நம்பிக்கையை மாயப்புனைவு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை இத்தகைய கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சில் கொண்டுவந்திராவிட்டால், இவற்றில் பலவும் பாடியவர்களோடு போயிருக்கும். அந்த அறிஞரின் சீமையிலிருந்து இப்படி ஒரு கடிதம் வரலாமா?

அன்பரின் பதற்றத்தை மதிக்கிறேன் என்று தொடக்கத்தில் எழுதினேன். அதை மழுப்ப விரும்பவில்லை. இந்த வகையில் வரும் நூல்கள் எல்லாமே நான் மேலே சொன்னதைப் போன்றவை அல்ல. பெண்ணைப் பூட்டி வைப்பதையும், அவள் மறுப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதையும், அடித்துவிட்டு அழுவதையும் காதலின் ஆழம் என்று காட்டும் நூல்களும் இருக்கின்றன; அவற்றில் சிலவற்றைப் படித்துவிட்டு எனக்கு உறக்கம் வரவில்லை. பள்ளி மாணவியின் கையில் அவற்றை நான் கொடுக்க மாட்டேன். வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் பலர் இத்தகைய நூலின் முதல் பக்கத்திலேயே, உள்ளே வன்முறையும் வற்புறுத்தலும் இருக்கின்றன என்று எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். நம் பதிப்பாளர்களும் அதைச் செய்ய வேண்டும், நூலகங்களும் அவற்றை வயது வந்தோருக்கான அடுக்கில் வைக்க வேண்டும் என்று அன்பர் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கையெழுத்திட்டிருப்பேன்.

ஆனால் நூலகத்திலிருந்தே அகற்றிவிடு என்பது வேறு. நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அவளுடைய தோழியிடமிருந்து வாங்கிய ஒரு நூலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். நான் அதைப் பிடுங்கவில்லை; ஓரிரவுக்குத் தரும்படி கேட்டு வாங்கி, விடியும்வரை உட்கார்ந்து படித்தேன். மறுநாள் அவள் வந்ததும், “அவன் கதவைப் பூட்டிட்டுப் போற இடத்துல உனக்கு என்ன தோணுச்சு?” என்று மட்டும் கேட்டேன். அவள் சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த அத்தியாயத்துக்குப் பிறகு தனக்கு அவனைப் பிடிக்கவேயில்லை என்றும், கடைசியில் நாயகி அவனோடு சேர்ந்ததைப் படித்தபோது எரிச்சலாக வந்தது என்றும் சொன்னாள். பிறகு, தன் அக்காளின் வீட்டில் நடப்பதைப் பற்றி என்னிடம் பேசத் தொடங்கினாள். அது அவர்கள் குடும்பத்துச் செய்தி என்பதால் இங்கே எழுத மாட்டேன். அந்த நூல் நடுவில் இருந்திராவிட்டால் அவள் அந்தப் பேச்சை என்னிடம் எடுத்திருக்கவே மாட்டாள்.

நூலகம் வாங்காவிட்டால் பிள்ளைகள் படிக்காமல் இருக்கப்போவதில்லை. கைப்பேசியில் திருட்டுப் படியாக இறக்கி, போர்வைக்குள் படிப்பார்கள். நூலகத்தில் இருந்தால், யார் எதை எடுத்துப்போகிறார் என்பது தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். திருப்பித் தரும்போது ஒரு சொல் கேட்க முடியும். நம் மாநிலத்துப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென்று முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது என்ற பெருமையை மேடைகளில் சொல்கிறோம். ஒரு வாசகரின் திடுக்கிடலுக்காக ஒரு நூல்வகையையே அலமாரியிலிருந்து இறக்குவது அந்தப் பெருமைக்குப் பொருந்தாது.

எனக்கு உள்ள ஒரே குறை, அந்தத் திண்ணைப் பெண் இந்தக் கதையை ஆங்கிலத்திலிருந்து மொழிமாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான். இசக்கியும் பட்டவராயனும் வாழும் சீமையில், காவல் தெய்வமான சுடலையாண்டவர் வேட்டைக்குப் போகும் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சை அடக்கிக் கிடந்த பிள்ளைகள் இருக்கும் சீமையில், களக்காட்டு மலையையும் தேரிக்காட்டுச் செம்மணலையும் பனங்காட்டு இருட்டையும் பின்புலமாக வைத்து இவ்வகை நாவல்கள் தமிழிலேயே நிறைய எழுதப்பட வேண்டும். தங்கள் ஞாயிறு இணைப்பில் சமையலுக்கும் சோதிடத்துக்கும் பக்கங்கள் ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு பக்கத்தை இத்தகைய நூல்களின் மதிப்புரைக்கு ஒதுக்கி, எது எந்த வயதினருக்கு ஏற்றது என்று பெற்றோருக்குப் புரியும்படி எழுதச் செய்யலாம். இந்த மாவட்டத்து இளம் பெண்கள் எழுதும் ஒரு தொடர்கதைக்கும் இடம் தரலாம். பாளையங்கோட்டை அன்பர் கண்டித்து எழுதிய அதே பக்கத்தில் அது வந்தால் எனக்கு மகிழ்ச்சியே.

அவருக்கு நேரமிருந்தால் ஒரு ஞாயிறு பிற்பகல் எங்கள் தெருவுக்கு வரட்டும். பேத்தியையும் அழைத்து வரட்டும். நாவலில் இன்னும் நான்கு அத்தியாயங்கள் இருக்கின்றன. நாயகி இதுவரை தன் ஆயுளில் எத்தனை ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறாள் என்பதை அந்த மூத்த பெண்மணிதான் கணக்கு வைத்திருக்கிறார். ஆண்டுக்கொன்றாகக் கத்தரித்த இலைத் துணுக்கு ஒன்றைத் தட்டின் ஓரத்தில் செருகி வைக்கிறார். சென்ற வாரம் நான் எண்ணியபோது அங்கே ஐந்து இருந்தன.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.